கறவை மாட்டை விட்டுவிட்டு ஒரு நாள்: தென்காசி - புனலூர் ரயில் பயணம்

கறவை மாடு இருக்கிற வீட்டில் ‘எங்கேயாவது ஒரு நாள் போய் வருவோமா?’ என்று யாராவது கேட்டால், உடனே எழும் கேள்வி, ‘சாயங்காலம் யார் கறப்பது?’ என்பதுதான். வயலும் லேசில் விடாது. நாற்றுப் பாவினால் ஒரு மாதத்துக்கு நகர முடியாது. தண்ணீர் முறை வந்தால் நடுராத்திரி ஆனாலும் மண்வெட்டியோடு மடைக்குப் போயாக வேண்டும். அறுப்பு என்றால் மெஷின் கிடைக்கிற நாள்தான் நல்ல நாள். கல்யாணம், சடங்கு, துஷ்டி இந்த மூன்றையும் விட்டால், சம்சாரி வீட்டில் குடும்பத்தோடு வண்டி ஏறுவது அபூர்வம். ‘நடவு முடியட்டும்’, ‘அறுப்பு முடியட்டும்’ என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் வளர்ந்துவிடுகின்றன. பெரியவர்களுக்கு முழங்கால் தேய்ந்துவிடுகிறது.

தென்காசிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இப்படித்தான் ஒரு குடும்பம் ஆறு வருஷமாக ஒரு சின்னப் பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. இரண்டு ஏக்கர் நெல், ஐம்பது சென்ட் தென்னை, கறவையில் ஒரு செவலை, கொட்டிலில் ஒரு கிடாரி. வீட்டில் கணவன், மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன், 74 வயது ஆச்சி. பயணம் கேட்டது ஆச்சிதான். அவர் கேட்டது காசியோ ராமேஸ்வரமோ இல்லை. ‘செங்கோட்டை மலை தாண்டி, பதிமூணு கண் பாலத்தை ரயில்ல இருந்து ஒருதரம் பாத்துட்டு வரணும்’ என்பதுதான்.

அதற்குக் காரணம் இருந்தது. ஆச்சியின் அப்பா, கேரளப் பக்கம் கழுதுருட்டி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். ஆச்சி பிறந்து வளர்ந்தது அங்கேதான். 18 வயதில் கல்யாணமாகி, கரி இன்ஜின் இழுத்த ரயிலில் அந்தப் பாலத்தின் மேல் ஏறித்தான் தென்காசிப் பக்கம் வந்தார். அதன் பிறகு அப்பா, அம்மா காலம் வரை போக்குவரத்து இருந்தது. பிறகு நின்றுபோனது.

சாரல் வரும் வழி

தென்காசியிலிருந்து மேற்கே பார்த்தால் மலை சுவர் மாதிரி நிற்கும். அந்தச் சுவரில் ஒரு தாழ்ந்த இடம் உண்டு. அதுதான் செங்கோட்டைக் கணவாய். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று இந்த வழியாகத்தான் புகுந்து வருகிறது. குற்றாலத்துச் சாரலும், தென்காசி வட்டாரத்துக் கார் சாகுபடிக்குக் கிடைக்கும் குளிர்ச்சியும் இந்தச் சந்து கொடுத்தவை. காற்று வந்த வழியிலேயே வண்டிப்பாதை போனது. பிறகு அதே வழியில் ரயிலும் போனது.

கொல்லத்திலிருந்து புனலூர் வழியாகச் செங்கோட்டை வரும் இந்த ரயில் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது 1904-ம் ஆண்டு. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோதுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கிழக்கேயுள்ள பருத்தியும் நெல்லும் கொல்லம் துறைமுகத்துப் பக்கம் போகவும், அங்கிருந்து மலைச்சரக்கு இங்கே வரவும் இந்தப் பாதை உதவியது. இன்றைக்கும் பாவூர்சத்திரம் சந்தையில் ஏற்றும் காய்கறி லாரிகள், புளியரை சோதனைச்சாவடி தாண்டி இதே கணவாய் வழியாகத்தான் கேரளம் போகின்றன.

நூறு வருஷத்துக்கு மேல் இது மீட்டர்கேஜ் பாதையாகவே இருந்தது. அகலப்பாதையாக்கும் வேலைக்காக 2010-ல் செங்கோட்டை - புனலூர் இடையே ரயில் நிறுத்தப்பட்டது. மலையைக் குடைந்து, பாலங்களைப் பலப்படுத்தி, மறுபடி ரயில் ஓடியது 2018-ல். ஆச்சி கேட்கத் தொடங்கியதும் அந்த வருஷத்திலிருந்துதான்.

நாள் குறித்த விதம்

கார் அறுவடை முடிந்து, பிசானத்துக்கு நாற்றுப் பாவுவதற்கு முன்பு, புரட்டாசியில் ஒரு இடைவெளி வரும். பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறையும் அதே சமயத்தில் வரும். அந்த நாட்களில் ஒன்றைக் குறித்தார்கள்.

மீதி இருந்தது செவலைதான். அது வீட்டம்மா கைக்கு மட்டுமே பால் விடும் மாடு. வேறு யாராவது உட்கார்ந்தால் வாலால் விளாசும், மீறினால் உதைக்கும். எதிர்வீட்டு மதினி, ‘நான் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வா’ என்று சொன்னதை மட்டும் நம்பி அந்த அம்மா கிளம்பவில்லை. ஐந்து நாட்களுக்கு முன்பே மதினியை இரண்டு வேளையும் வரச்சொன்னார். முதல் இரண்டு நாள் மதினி தீவனம் மட்டும் வைத்தார், கழுத்தைத் தடவினார். மூன்றாம் நாள் மடி கழுவினார். கடைசி இரண்டு நாள் முதல் பாதி மதினி கறக்க, மறு பாதி அம்மா கறந்தார். கிளம்பும் நாளில், தான் தினமும் கறக்கும்போது உடுத்தும் பழைய சேலையையும் மதினியிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. மடியைக் கழுவித் தடவும்போது, மாட்டின் மூளையில் சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தின் வழியாக மடிக்கு வந்து பாலை இறக்குகிறது. பழகிய ஆள், பழகிய வாசனை, பழகிய சத்தம் எல்லாம் அதற்குத் துணை. மாடு மிரண்டால் அட்ரினலின் சுரந்து அதைத் தடுத்துவிடும். ‘பாலை ஏத்திக்கிடுச்சு’ என்று சொல்வது இதைத்தான்.

ஒன்றரை மணி நேரம்

சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடி வந்து, விடிவதற்கு முன்பு தென்காசியைத் தாண்டும் ரயில் ஒன்றுக்குத்தான் திட்டம். அதற்காக அந்த அம்மா வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்பே எழுந்து செவலையைக் கறந்தார். பாலை மதினி சொசைட்டியில் ஊற்றிவிடுவதாக ஏற்பாடு. தூக்கில் இட்லி, மிளகாய்ப்பொடி, ஒரு சம்படத்தில் புளிச்சோறு, துவையல், இரண்டு பெரிய பாட்டிலில் தண்ணீர், ஆச்சியின் பிரஷர் மாத்திரை, ஒரு போர்வை. தெரிந்த ஆட்டோக்காரர் ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போனார்.

டிக்கெட் கவுன்டரில்தான் விஷயம் தெரிந்தது. ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம்.

“இது தெரிஞ்சிருந்தா செவலைய அது நேரத்துக்கே கறந்திருப்பேனே” என்று அந்த அம்மா முதலில் அங்கலாய்த்தார். பிறகு கணக்குப் போட்டார். போகிற ரயிலே இப்படி என்றால், வருகிற ரயில் எப்படியோ? சாயங்காலக் கறவைக்குள் திரும்ப முடியுமா? “ஏங்க, பேசாம வீட்டுக்குப் போயிருவோமா?” என்றார். கணவருக்கும் யோசனைதான். மறுநாள் வயலில் வரப்பு வெட்ட ஆள் சொல்லியிருந்தார். பையன் முகம் தொங்கிப்போனது.

பெஞ்சில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த ஆச்சி, “சரிலே, போவோம். அடுத்த வருஷம் பாத்துக்கிடுவோம்” என்றார்.

அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. ஆறு வருஷமாகக் கேட்டுப் பழகிய வார்த்தையைத்தான் திருப்பிச் சொன்னார். ஆனால், அதற்குப் பிறகு யாரும் வீட்டுக்குப் போகும் பேச்சை எடுக்கவில்லை. கணவர் போய் நாலு காபி வாங்கி வந்தார். மகள் தூக்குச்சட்டியைத் திறந்தாள். ரயிலில் சாப்பிட வைத்திருந்த இட்லி, பிளாட்பாரத்திலேயே பாதி காலியானது. பையன் அப்பா மடியில் தூங்கிப்போனான். கிழக்கே வெளுக்க வெளுக்க, மேற்கே மலை ஒவ்வொரு மடிப்பாகத் தெரிய ஆரம்பித்தது. தினமும் பார்க்கிற மலைதான். ஆனால், வேலை எதுவும் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதைப் பார்த்தது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை.

மலையில் ரயில் ஏன் மெதுவாகப் போகிறது?

ரயில் வந்தது. தென்காசியில் நிறையப் பேர் இறங்க, முன்பதிவில்லாப் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. செங்கோட்டையில் மறுபடி சிறிது நேரம் நின்றது. ‘இன்னும் என்ன?’ என்று பையன் எட்டிப் பார்த்தான். பின்பக்கம் இன்னொரு இன்ஜினைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

மலைப்பாதையில் முன்னால் இழுக்க ஒரு இன்ஜின் என்றால், பின்னால் தாங்கித் தள்ள இன்னொன்று வேண்டும். நெல் மூட்டை ஏற்றிய வண்டி மேட்டில் ஏறும்போது பின்னால் இரண்டு பேர் கை கொடுப்பார்களே, அது மாதிரி. வளைவும் ஏற்ற இறக்கமும் அதிகம் என்பதால் மலைப்பகுதியில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர்தான். போதாததற்கு இது ஒற்றைப் பாதை. எதிரே ஒரு ரயில் வந்தால், இரண்டு தண்டவாளம் இருக்கிற ஸ்டேஷனில் ஒன்று ஒதுங்கி நின்று, மற்றதை விட்டுவிட்டுத்தான் புறப்பட முடியும். ஒரு ரயில் தாமதமானால் அதைச் சந்திக்க வேண்டிய ரயிலும் தாமதமாகும். வாய்க்காலில் மேல்மடைக்காரர் அரை மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் பாய்ச்சினால், கடைமடை வரை எல்லாருடைய முறையும் தள்ளிப்போவதைப் போலத்தான்.

செங்கோட்டை ஸ்டேஷன் பெயரைப் பார்த்ததும் மகளுக்குப் பள்ளிப் பாடம் ஞாபகம் வந்தது. வாஞ்சிநாதன் பிறந்த ஊர். அவர் வேலை பார்த்தது புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். 1911 ஜூன் 17-ல் அவர் கலெக்டர் ஆஷைச் சுட்டதும் ஒரு ரயில் நிலையத்தில்தான். அது இன்று வாஞ்சி மணியாச்சி. “அப்போ அவரும் இந்த வழியாத்தான் வேலைக்குப் போயிருப்பாராப்பா?” என்று கேட்டாள். அவர் காலத்தில் இந்தப் பாதை ஓடிக்கொண்டுதான் இருந்தது என்பதை மட்டும் அப்பா சொன்னார்.

குகைக்கு அந்தப் பக்கம்

செங்கோட்டை தாண்டியதும் இருபுறமும் வயல், தென்னை. பகவதிபுரம் வந்ததும் வயல்கள் கீழே இறங்கிவிட, ரயில் மலையின் இடுப்பில் ஏறத் தொடங்குகிறது. பிறகு நீளமான ஒரு குகை. பெட்டிக்குள் இருட்டு கவிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலாகக் கூவினார்கள். முன்பின் தெரியாத பெரியவர்கள்கூடச் சேர்ந்து கூவினார்கள்.

குகை முடிந்தால் வேறு ஒரு நாடு. கிழக்கே வெயிலும் புழுதியும் என்றால், இங்கே ஈரமும் பாசியும். ஒரே மலையில் பெய்கிற மழைதான். கிழக்கே விழுந்தது சிற்றாற்றில் சேர்ந்து தாமிரபரணிக்குப் போகிறது. நம் குளங்களை நிரப்புகிறது. மேற்கே விழுந்தது கல்லடா ஆறாகி, கொல்லத்துக்குப் பக்கத்தில் அஷ்டமுடிக் காயலில் கலக்கிறது. ஐயப்பன் கோயில் இருக்கும் ஆரியங்காவு, அதற்குப் பக்கத்தில் பாலருவி, பிறகு ரப்பர் தோட்டங்கள் என்று காட்சி மாறிக்கொண்டே வருகிறது.

கழுதுருட்டி நெருங்கும்போது ஆச்சி எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கீழே சாலையும் ஓடையும் தெரிய, ரயில் வளைந்து பதின்மூன்று கண் பாலத்தில் ஏறியது. கருங்கல்லில் கட்டிய 13 வளைவுகள். வெள்ளைக்காரன் காலத்தில், மீட்டர்கேஜுக்காகக் கட்டிய அதே பாலம்தான் இன்றைக்கும் அகலப்பாதை ரயிலைச் சுமக்கிறது. பாலத்தின் மேல் போகும்போது பாலம் முழுசாகத் தெரியாது. வளைவில் திரும்பும்போது ஜன்னல் வழியாகச் சாய்ந்து பார்த்தால் கொஞ்சம் தெரியும். ஆச்சி பாலத்தைப் பார்க்கவில்லை. கீழே சாலைக்கு அப்பால் ஒரு மேட்டைப் பார்த்தார். “அந்தா அங்கனதான் எங்க லயம் இருந்துச்சு. இப்போ ரப்பராக் கெடக்கு” என்றார். அவ்வளவுதான். பாலம் முடிந்ததும் உட்கார்ந்து மருமகளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

ரயில் சரியான நேரத்துக்கு வந்திருந்தால் அந்த இடத்தை அரையிருட்டில் கடந்திருக்கும். மேடும் தெரிந்திருக்காது, லயம் இருந்த இடமும் தெரிந்திருக்காது. இதைக் கணவர்தான் கவனித்துச் சொன்னார். “அப்போ லேட்டா வந்ததும் நல்லதுக்குத்தான்” என்றான் பையன்.

புனலூரில் மூன்று மணி நேரம்

முதலில் தென்மலை அணைக்கும் போவதாக இருந்தது. தாமதத்தால் அது நடக்காது என்று தெரிந்ததும், ‘ஒரே நாளில் ரெண்டு எடம் ஓடி ஓடிப் பாக்க வேண்டாம்’ என்று அதை விட்டுவிட்டார்கள். புனலூர் மட்டும் போதும் என்று முடிவானது. முழங்கால் வலியுள்ள ஒருவர் கூட இருக்கும்போது இது நல்ல முடிவு.

புனலூரில் பார்க்க வேண்டியது கல்லடா ஆற்றின் மேலுள்ள தொங்கு பாலம். 1877-ல் ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் அமைத்தது. இரு கரைகளிலும் கல் தூண்கள், அவற்றிலிருந்து தொங்கும் இரும்புச் சங்கிலிகள், நடக்க மரப்பலகைகள். இப்போது வண்டிகளுக்குப் பக்கத்தில் தனிப் பாலம் இருக்கிறது. தொங்கு பாலத்தில் மக்கள் நடக்க மட்டும்தான். பிள்ளைகள் நாலு தடவை போய் வந்தார்கள். ஆச்சி நடுவில் நின்று ஆற்றைப் பார்த்தார். பிறகு கரையோர நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு.

கடைத்தெருவில் கணவர் ஒரு காய்கறிக் கடை முன்னால் நின்றுவிட்டார். கத்தரி, வெண்டை, முருங்கை, சின்ன வெங்காயம். பாதிக்கு மேல் மலைக்குக் கிழக்கே விளைந்தது. ஒவ்வொன்றின் விலையையும் கேட்டார். பாவூர்சத்திரத்தில் தனக்குக் கிடைக்கும் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். அந்த அம்மா, “நல்லா இருக்கு போங்க, நம்ம வெண்டைக்காய நாமளே வேடிக்கை பாக்க வந்திருக்கோம்” என்று சிரித்தார். ஆனால் அந்தக் கணக்கு அவர் மனதில் ஏறிவிட்டது. நாலைந்து பேர் சேர்ந்து, தரம் பிரித்து, நேரடியாக ஒரு கடைக்கு அனுப்ப முடியுமா என்று ஊருக்குப் போய்ப் பேச வேண்டும் என்றார். விளைவித்த காய் எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதும் விவசாயிக்கு ஒரு படிப்புதான்.

தென்மலையில் நின்ற ரயில்

மதியத்துக்கு மேல் கிழக்கே போகிற ரயில் நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தது. ஏறி உட்கார்ந்து, இடமண் தாண்டி, தென்மலையில் போய் நின்றது. எதிர் ரயிலுக்காகக் காத்திருப்பு. பத்து நிமிஷம் என்று நினைத்தது முக்கால் மணி நேரம் ஆனது. சுற்றிலும் காடு, சாரல் தூற்றல், கூரையில் குரங்குகள். கைபேசியில் சிக்னல் இல்லை.

அந்த அம்மா மணி பார்த்துக்கொண்டே இருந்தார். செவலையின் மடி கனக்கிற நேரம். மதினியைக் கேட்கவும் வழியில்லை. ஆச்சி மட்டும், எதிரே உட்கார்ந்திருந்த மலையாளத்து அம்மாவிடம், பாதி மறந்துபோன மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவின் கணவருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் ரப்பரும் மிளகும் உண்டு. தமிழ் நன்றாகவே பேசினார். ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களில் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருப்பது எதற்கு என்று பையன் கேட்க, பேச்சு தொடங்கியது. பட்டையைச் சீவிய இடத்தில் மழைத்தண்ணீர் வழிந்தால் பால் வீணாகிவிடும். அதற்குத்தான் அந்த மழைக்காப்பு. நட்டு ஏழு வருஷம் கழித்துத்தான் பால் வெட்ட முடியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியற்காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விட வேண்டும். “ரப்பரும் மாடு மாதிரித்தான். கறக்கிற ஆளு லீவு போட முடியாது” என்றார் அவர். மணி பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா அப்போதுதான் சிரித்தார்.

கணவர் மிளகைப் பற்றிக் கேட்டார். தென்னைக்கு ஊடே மிளகு வைக்கலாமா என்று அவருக்கு ரொம்ப நாளாக யோசனை. அவர் சொன்னவை இவை. தென்னையிலேயே கொடியை ஏற்றினால் தேங்காய் பறிக்க ஏறுவது சிரமம். வரிசைகளுக்கு நடுவே கிளைரிசிடியா மாதிரி மரத்தை நட்டு, அதில் ஏற்றுவது நல்லது. தாங்கு மரத்தின் வடக்கு அல்லது வடகிழக்குப் பக்கம் கொடியை நட வேண்டும். மேற்கு வெயில் பட்டால் இளங்கொடி கருகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம் வடிகால். அடியில் தண்ணீர் தேங்கினால் வாடல் நோய் வந்து, கொடி மொத்தமாகப் போய்விடும். வறட்சியில் தண்ணீர் கொடுக்க வசதி இல்லாவிட்டால், மலைக்குக் கிழக்கே மிளகை நினைக்கவே வேண்டாம். மூன்றாம் வருஷத்திலிருந்துதான் காய்ப்பு என்பதால், முதலில் பத்துக் கொடி வைத்துப் பார்க்கச் சொன்னார்.

எதிர் ரயில் கடந்து போனது. பச்சை விளக்கு விழுந்தது. இறங்கும்போது மிளகுக்காரர் தன் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார்.

செவலை என்ன செய்தது?

குகை தாண்டிச் செங்கோட்டை வந்ததும் சிக்னல் வந்தது. முதல் அழைப்பு மதினிக்கு. “உன் சேலையக் கட்டிக்கிட்டுத்தான் உக்காந்தேன். மோந்து பாத்துச்சு. ஒரு தடவ கால மாத்தி வச்சுச்சு, அம்புட்டுதான். ஒரு லிட்டர் கொறச்சல். சொசைட்டியில ஊத்தியாச்சு. நீ பைய வா” என்றார் மதினி.

நாலு மணிக்குத் தென்காசியில் இறங்க வேண்டியவர்கள் இறங்கியபோது ஆறு மணி ஆகப்போனது. காலையில் ஒன்றரை மணி நேரம், திரும்பும்போது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மொத்தம் மூன்றரை மணி நேரத் தாமதம். அதற்கு ஈடாகப் போனது ஒரு லிட்டர் பாலும், பார்க்காமல் விட்ட ஓர் அணையும். மறுநாள் காலை செவலை வழக்கம்போலவே பால் கொடுத்தது.

ரயில் தாமதத்தை யாரும் விரும்பப்போவதில்லை. ஆனால், அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் பெரிய தாமதம் அந்த மூன்றரை மணி நேரம் இல்லை. அதற்கு முன்னால் போன ஆறு வருஷம்தான்.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

கறவை மாடு வைத்திருப்பவர்கள், மாற்று ஆளைக் குறைந்தது ஐந்து நாட்கள் மாட்டோடு பழக விட வேண்டும். கறக்கும் நேரம் எப்போதாவது ஒரு நாள் ஒன்றிரண்டு மணி நேரம் முன்பின் ஆனால் பெரிய பாதிப்பு இல்லை. அதையே வழக்கமாக்கினால் பால் குறையும், மடிநோய்க்கும் இடமாகும். தீவனத்தை மட்டும் அன்றைக்கு மாற்றக் கூடாது.

முன்பதிவில்லாத டிக்கெட்டை ரொம்ப முன்னதாக எடுக்க வேண்டாம். 200 கிலோமீட்டருக்குக் குறைவான பயணத்துக்கு, டிக்கெட் எடுத்த 3 மணி நேரத்துக்குள், அல்லது அதற்குப் பிறகு அந்த ஊருக்குப் போகும் முதல் ரயிலில் பயணத்தைத் தொடங்க வேண்டும் என்பது விதி. 5 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் இருந்தால் அரை டிக்கெட். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே 139 என்ற எண்ணில் ரயில் எங்கே வருகிறது என்று கேட்டுக்கொண்டால், மாட்டை அதன் நேரத்துக்கே கறந்துவிட்டுப் போகலாம்.

திரும்புவதற்குக் கடைசி ரயிலை நம்பித் திட்டமிடக் கூடாது. அதற்கு முந்தைய ரயிலைக் கணக்கில் வைத்துக்கொண்டால், தாமதமானாலும் பதற்றம் இருக்காது. பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றைக் கட்டாயம், மற்றதை ‘நேரம் இருந்தால்’ என்று முன்பே பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வேளைச் சாப்பாடும், தண்ணீரும், பெரியவர்களின் மருந்தும் கூடுதலாகவே இருக்கட்டும். மலைப்பாதையில் பிள்ளைகளை வாசற்படியில் நிற்க விடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மலையில் மண் சரிந்து ரயில் நிறுத்தப்படுவதும் உண்டு. அந்தச் சமயத்தில் விசாரிக்காமல் கிளம்ப வேண்டாம்.

அறுப்புக்கும் அடுத்த நாற்றங்காலுக்கும் நடுவே ஒரு வாரமாவது சும்மா கிடக்கும் இடைவெளி, எல்லா ஊர் வயலிலும் ஏதாவது ஒரு மாதத்தில் வருகிறது. உர மூட்டைக்கும் விதைநெல்லுக்கும் தேதி குறிப்பது மாதிரி, வீட்டிலிருக்கும் ஆச்சியைக் கேட்டு, அதில் ஒரு நாளைக் காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வைத்துவிடலாம்.